மெழுகில் நின்ற தெரு

விரைவுச்சாலைத் திட்ட அலுவலகத்தில் பெரிய இன்ஜினியரிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோரும் அவனைக் கோந்து என்றுதான் கூப்பிட்டார்கள். நாள் முழுக்கப் பசையில் கைவைத்துக்கொண்டிருப்பவனுக்குப் பொருத்தமான பெயர்தான் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவனுடைய அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்து, "கோந்து இருக்கானா?" என்று கேட்டுவிட்டாள். சின்ன வயதில் அவள் கையை விடாமல் ஒட்டிக்கொண்டே திரிந்தவனுக்கு அவள் வைத்த பெயர் அது. போனை எடுத்தவர் சும்மா இருப்பாரா? சாயங்காலத்துக்குள் மாடிக்கு மாடி பரவிவிட்டது. அவனுடைய சொந்தப் பெயர் அதோடு சம்பளச் சீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நகரத்தைச் சின்னதாகச் செய்வது அவன் வேலை. அலுவலகத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீளமான அறையில், பெரிய மேசைகளை ஒன்றோடொன்று சேர்த்துப்போட்டு அதன்மேல் ஊரையே பரப்பி வைத்திருந்தான். பிளைவுட்டை அடுக்கடுக்காக அறுத்து ஒட்டினால் மேடு பள்ளம். மரக்கட்டையைச் சீவினால் வீடு. உப்புத்தாளுக்குச் சாயம் பூசினால் கூரை. இன்ஜினியர்கள் வரைகிற படம் இன்ஜினியர்களுக்குத்தான் புரியும். மற்றவர்களுக்கெல்லாம் கோந்து செய்கிற பொம்மை ஊர்தான் புரியும். ஒரு வீட்டின் மாடிப்படி எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதைக்கூட அவன் விடமாட்டான். இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். கேலியைக் கேட்டுக்கொண்டே இன்னொரு தண்ணீர்த் தொட்டியைச் செதுக்குவான்.

அந்த அறைக்கென்று ஒரு பழக்கம் உண்டு. நிற்கப் போகிற கட்டடத்துக்குப் பசை, எடுக்கப் போகிற கட்டடத்துக்கு மெழுகு. துளி மெழுகை உருட்டி அடியில் வைத்து அழுத்தினால் வீடு அசையாமல் நிற்கும். எடுக்க வேண்டிய நாளில் விரலால் ஒரு நெம்பு நெம்பினால் போதும், பலகையில் கீறல்கூட விழாமல் கையோடு வந்துவிடும். பசை போட்டதைப் பெயர்த்தால் பலகையின் தோலும் சேர்ந்து உரியும். பிறகு மேடு பள்ளத்தையே புதிதாகக் கட்ட வேண்டும். இந்தத் தொழில் நுணுக்கத்தை வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்காவின் சாப்பாட்டு மேசையில் ரொட்டித் துண்டுகளை வைத்துக்கொண்டு நடித்தே காட்டியிருக்கிறான். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்போ மெழுகு வச்ச வீட்டுக்காரன் மூட்டை கட்ட வேண்டியதுதான்னு சொல்லு" என்றாள்.

அம்மா போனபின் அவனை வளர்த்தவள் அவள்தான். படிப்பை நிறுத்திவிட்டு ஒரு ரொட்டிக் கடையில் வேலைக்குப் போனாள். முதலாளிக்கு வயதானதும் கடையே அவள் கைக்கு வந்தது. குன்றின் சரிவில் படிப்படியாக ஏறுகிற ஒரு குறுகிய தெரு. முனையில் கடை, நடுவில் அவள் வீடு. இந்த வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் மருந்து சொல்வார்கள். தெருவில் எல்லோருக்கும் அவள் ரொட்டிக்கடை அக்கா. ரொட்டியோடு சேர்த்துத் தம்பி புராணத்தையும் கட்டிக் கொடுப்பாள். "என் தம்பி எங்கிட்ட எதையும் மறைச்சதில்லை" என்பது அந்தப் புராணத்தின் முதல் வரி. வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவன் மத்தியானமே வந்து உண்மையைச் சொல்லி அழுத கதையைக் கேட்காத வாடிக்கையாளர் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை விரைவுச்சாலை, நடுவில் இருக்கிற குன்றைக் குடைந்து சுரங்கப்பாதை. குன்றைத் தாண்டுவதற்கு மேல் வழி, நடு வழி, கீழ் வழி என்று மூன்று வழிகள் யோசித்திருந்தார்கள். ஒருநாள் பெரிய இன்ஜினியர் அடித்தளத்துக்கு இறங்கிவந்து, பொம்மைக் குன்றின் சரிவில் ஒரு விரலை ஊன்றினார். முடிவாகவில்லை என்றாலும் நடு வழிதான் தோது என்று எல்லோரும் நினைப்பதாகவும், சுரங்கத்தின் வாய் இங்கேதான் திறக்கும் என்றும், இந்தச் சரிவில் உள்ளதையெல்லாம் எடுக்கிறமாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். வெளியே மூச்சு விடக் கூடாது என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "நீ நம்ம வீட்டு ஆள், உனக்குச் சொல்லணுமா" என்று முதுகில் தட்டவும் செய்தார். அவர் விரல் இருந்த இடம் அக்காவின் தெரு.

கோந்து அன்று ரொம்ப நேரம் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இடுக்கியை எடுத்து, சொன்னதைச் செய்தான். அக்கா வீட்டின் அடியிலும் மெழுகு வைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனான். சொல்லிவிடுவது என்று படியேறும்போது முடிவு செய்திருந்தான். அவள் சோற்றைப் போட்டதும் முடிவும் சோறும் சேர்ந்து உள்ளே போய்விட்டன. மூன்றில் ஒன்றுதானே, மாறினாலும் மாறும், வீணாக ஏன் கலவரப்படுத்த வேண்டும் என்று தனக்குத் தானே வக்காலத்து வாங்கிக்கொண்டான். அடுத்த வாரம் அவளுக்குத் தலைவலி. அதற்கடுத்த வாரம் விருந்தாளி. சொல்லக் கூடாதென்று நினைக்கிறவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? உண்மை இதுதான்: அவனுக்குப் பயம். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. அதைவிட, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பாளே என்ற பயம். தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரமும் அந்தக் கேள்வி பெருத்துக்கொண்டே போனது.

திட்டம் பத்திரிகையில் வந்ததும் ஊர் இரண்டுபட்டது. மூன்று வழிகளையும் மாடலாக வைத்துக் கண்காட்சி நடத்துவார்கள், ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிப் போடலாம், அதைப் பார்த்து முடிவெடுக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. மேல் வழிக்காரர்கள் வக்கீல் வைத்தார்கள். கீழ் வழிக்காரர்கள் ஊர்வலம் போனார்கள். அக்காவின் தெருவிலும் சலசலப்பு எழுந்தது. அங்கே டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த வாத்தியார் வீடு வீடாகப் போய், நாமும் எழுதிப் போடுவோம் என்றார். சந்தேகப் பிராணி, பச்சை விளக்கு எரிந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அவரை அடக்கியது அக்காதான்.

"என் தம்பி அந்த ஆபீஸ்லயேதான் இருக்கான். நம்ம தெருவுக்கு ஒண்ணு வருதுன்னா அவன் எங்கிட்டச் சொல்லாம இருப்பானா? வேலையைப் பாருங்க" என்றாளாம்.

இதை அவளே அவனிடம் சொன்னாள், சாப்பாடு போட்டுக்கொண்டே, பெருமையாக. அவன் தலையைக் குனிந்துகொண்டு தட்டைப் பார்த்தான். அந்த நிமிஷத்திலாவது வாயைத் திறந்திருக்கலாம். "இன்னும் கொஞ்சம் குழம்பு" என்று கேட்டான். பின்னாளில் எதை மறந்தாலும் அந்தக் குழம்பை மட்டும் அவனால் மறக்க முடியவில்லை. நினைத்தாலே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

கண்காட்சிக்கு முன்னால் பெரிய இன்ஜினியர் ஒரு உத்தரவு போட்டார். ஜனங்கள் தொட்டுப் பார்ப்பார்கள், எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிவிடு என்றார். கோந்து ஊர் முழுக்கப் பசை போட்டான். நடு வழியின் சரிவுக்கு வந்தபோது கை நின்றது. மனசாட்சி தடுத்தது என்று சொன்னால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தடுத்தது தொழில் புத்தி. கண்காட்சி முடிந்ததும் இந்த வீடுகளையெல்லாம் எடுத்துவிட்டு இங்கேயே சுரங்க வாயைப் பதிக்கப் போகிறவன் அவன்தான். இப்போது பசை போட்டால் அப்போது அடுக்கெல்லாம் உரியும். மாதக்கணக்கில் வேலை இரட்டிப்பாகும். அதனால் மெழுகையே இன்னும் கொஞ்சம் அழுத்தமாக வைத்துவிட்டு விட்டுவிட்டான். அக்காவின் தெரு போகப் போகிறது என்பதை அவன் கை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. வாய்க்குத்தான் இன்னும் துணிச்சல் வரவில்லை.

கண்காட்சியின் கடைசி நாள் சாயங்காலம், மண்டபம் மூடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால், கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு அக்கா வந்தாள். தனியாக வரவில்லை, தெருவையே திரட்டிக்கொண்டு வந்திருந்தாள். எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்தி, சுற்றுலா வந்த மாதிரி இருந்தார்கள். ஆட்சேபம் எழுத அல்ல, அவள் தம்பி செய்த ஊரைப் பார்க்க. கோந்து கையில் குச்சியோடு மாடலின் ஓரத்தில் நின்றிருந்தான். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது அவன் பொறுப்பு. வாத்தியார் நேரே அவனிடம் வந்தார்.

"நீங்களே சொல்லுங்க தம்பி. நம்ம தெருவுக்கு ஏதாவது உண்டா?"

"மூணு வழியும் ஆய்வுலதான் இருக்கு சார்" என்றான். எல்லோரிடமும் சொல்லச் சொல்லிப் பழக்கியிருந்த வாக்கியம். வாத்தியாரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அக்கா அதற்குள் தன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். மாடியில் தண்ணீர்த் தொட்டிகூட வைத்திருக்கிறான் பாருங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டாள். தொடாதீர்கள் என்று அட்டை எழுதி வைத்திருந்தது. செய்தவனின் அக்காவுக்கு அட்டை எம்மாத்திரம்? தொட்டியின்மேல் செல்லமாக விரலை வைத்தாள். மேலே விளக்குகள் காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தன, மெழுகு இளகியிருந்தது. வீடு வழுக்கிக்கொண்டு அவள் கையோடு வந்துவிட்டது.

உடைத்துவிட்டோம் என்று முதலில் பதறினாள். பிறகு வீட்டைத் திருப்பி அடியைப் பார்த்தாள். அங்கே மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்ததைக் கட்டைவிரலால் தேய்த்தாள். பக்கத்து வீட்டைத் தொட்டாள்; அதுவும் அசைந்தது. கையை நீட்டி, மேல் வழித் தெரு ஒன்றில் ஒரு வீட்டை நெம்பிப் பார்த்தாள். அது அசையவில்லை. கூட வந்தவர்களுக்கு இது ஒன்றும் புரியவில்லை. அந்த மண்டபத்தில் அந்த மெழுகைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான், ஒருவன் குச்சியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். அவள் தன்னைப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. நிமிரவில்லை.

காவலர் ஓடிவந்து யார் உடைத்தது என்று சத்தம் போட்டார். அக்கா, "என் கை பட்டுட்டுதுங்க, தப்பு எம்மேலதான்" என்று மன்னிப்புக் கேட்டாள். வீட்டை இருந்த இடத்திலேயே வைத்து, நேராக நிற்கிறதா என்று பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் தெருக்காரர்களுக்கு விசித்திரமாகப் பட்டது. நேரே ஆட்சேபம் வாங்கும் கவுன்டருக்கு வேகமாகப் போய், எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் தாள் கொடுங்கள் என்று கேட்டாள். குமாஸ்தா அப்போதுதான் பெட்டிக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார். "நேரம் முடிஞ்சுபோச்சு. இத்தனை நாள் தூங்கிட்டிருந்தீங்களாம்மா?" என்றார். அவள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

மூன்று வழிகளில் நடு வழிக்குத்தான் எதிர்ப்பு மிகக் குறைவு என்று சொல்லி அதையே முடிவு செய்தார்கள். அறிவிப்பு வந்த அன்று பெரிய இன்ஜினியர் அலுவலகத்தில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார். அந்தத் தெருவில் ஏன் ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை என்று அவரே ஆச்சரியப்பட்டார். கோந்து கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினான். வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். வேலை சுலபமாக முடிந்தது. அந்தச் சுலபத்தை நினைத்துத்தான் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். அவளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. ஒரு தடவை துணிந்து தெருமுனை வரைக்கும் போனான். கடையில் ரொட்டிகள் அடுக்கினபடியே இருந்தன, வாங்க ஆள் இல்லை. படியில் இறங்கிவந்த பெண்கள் கடையைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் பையோடு போனார்கள். வீடு போகிற கவலையில் யாருக்கும் வியாபாரத்தில் மனமில்லை போலும் என்று, தனக்கு வசதியான ஒரு அர்த்தத்தை எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டான்.

வீடுகளைக் காலி செய்வதுபற்றித் தெருக்காரர்களுக்கு விளக்கம் சொல்ல, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மாடலின் அந்தத் துண்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு கோந்தும் போக வேண்டியிருந்தது. சரிவில் இப்போது சாம்பல் நிறத்தில் சுரங்க வாய் இருந்தது. அதற்குப் பசை போட்டிருந்தான். மேசையில் அதை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அக்காவைப் பார்த்தான். நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அறை நிரம்பி, பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன.

பெரிய இன்ஜினியர் எவ்வளவு இனிமையாக முடியுமோ அவ்வளவு இனிமையாகப் பேசி முடித்தார். கேள்வி உண்டா என்று கேட்டதும் வாத்தியார் எழுந்தார்.

"உங்களை என்னத்தைக் கேக்கறது சார். எங்களைக் கெடுத்தது எங்க ரொட்டிக்கடை அக்காதான். கண்காட்சியில அன்னிக்கு இந்தம்மா போன வேகத்தைப் பார்த்தே எனக்குச் சந்தேகம். முடிவு வந்ததும் நேராவே கேட்டேன், உங்க தம்பி முன்னாடியே சொன்னானான்னு. ஆமா சொன்னான், நான்தான் உங்ககிட்டச் சொல்லலைன்னு ஒத்துக்கிட்டாங்க. எத்தனை வருஷப் பழக்கம். இப்படிச் செய்யலாமா?"

கோந்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. சொன்னானா என்று கேட்டதற்கு அவள் இல்லை என்று சொல்லியிருந்தால் போதும், பழி முழுக்க அவன்மேல் வந்திருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால், தம்பி அக்காவிடம் மறைத்தான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். ஊரை ஏமாற்றியவள் என்ற பெயர் அதைவிட மேல் என்று அவள் எடுத்துக்கொண்டாள். காலி நாற்காலிகளுக்கு நடுவே நேராக உட்கார்ந்து, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய இன்ஜினியர் அவனைத் திரும்பிப் பார்த்தார். முன்கூட்டியே சொன்னான் என்றால் வேலை போகும். சொல்லவில்லை என்றால் இந்தத் தெருவில் இனி தலைகாட்ட முடியாது. வாழ்க்கையில் முதல்தடவையாகக் கணக்குப் போடாமல் அவன் வாயைத் திறந்தான்.

"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்லவே இல்லை" என்றான். "எனக்கு முதல்லேருந்தே தெரியும். வாரா வாரம் வந்து சாப்பிட்டுட்டு, சொல்லாம போனேன். கண்காட்சியில வீட்டுக்கடியில மெழுகைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிஞ்சுது. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. குத்தம் எல்லாம் என்னோடது."

மெழுகு என்றதும் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன உளறுகிறான் என்பது போல. பெரிய இன்ஜினியர் அவசரமாகத் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். வாத்தியாரின் முகம் மெல்ல மாறியது. கோபம் இறங்கி, அந்த இடத்தில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்தது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"பார்த்தீங்களா? தன் பேரு கெட்டாலும் பரவாயில்லை, அக்கா மேல பழி விழக் கூடாதுன்னு மேலதிகாரி எதிர்லயே எவ்வளவு தைரியமாப் பொய் சொல்றான். தம்பின்னா இப்படி இருக்கணும்." பிறகு அக்காவிடம், "இப்படி ஒருத்தனை வளர்த்தவங்க நீங்க. உங்களுக்கு எப்படிங்க மனசு வந்துது?" என்றார்.

பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மைதான், சத்தியமாக உண்மை என்று கோந்து திரும்பத் திரும்பச் சொன்னான். சொல்லச் சொல்ல அவர்கள் இன்னும் உருகினார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் அக்காவைப் பார்த்தான். நீயாவது சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினான். கண்காட்சி நாளுக்குப் பிறகு அவளும் அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். எத்தனையோ நாளாக இறுகிக் கிடந்த அந்த முகம், தம்பியை நாலு பேர் புகழ்ந்ததைக் கேட்டுக் கொஞ்சம் இளகியிருந்தது.

"சின்ன வயசுலேருந்தே அவன் அப்படித்தான்" என்றாள் வாத்தியாரிடம். "எனக்கு ஒண்ணுன்னா தாங்கமாட்டான்."

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்துவிட்டு, முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து தன் நாற்காலியை அவனுக்கு நகர்த்திப் போட்டார். பக்கத்திலிருந்தவர் அவன் தோளைப் பிடித்து உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்தான்.